ஒப்புநிலை என்னும் சான்று: கோவை வேளாண் ஆய்வு மரபில் பல நடத்துமுறைகளை ஒன்றோடு ஒப்பிடும் முறை குறித்த திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

வேளாண் களச் சோதனைகளில் பல புதிய நடத்துமுறைகள் ஒரே ஒப்புநிலையோடு வைத்துப் பார்க்கப்படுகின்றன. ஆனால் அச்சோதனைகளின் தரவுகள் பெரும்பாலும் எல்லா நடத்துமுறைகளையும் ஒன்றோடொன்று ஒப்பிடும் கருவிகளால் ஆராயப்படுகின்றன. வினாவுக்கும் கருவிக்கும் இடையிலான இந்தப் பொருத்தமின்மையை இக்கட்டுரை கோயம்புத்தூரின் நீண்டகால உரச் சோதனையை முதன்மைச் சான்றாகக் கொண்டு ஆராய்கிறது. ஒப்புநிலை என்பது பிழையற்ற அளவுகோல் அன்று. அதுவும் பிழையோடு அளக்கப்படும் ஒரு சான்றே என்பதும், எதை ஒப்பாகக் கொள்வது, அதற்கு எத்தனை பாத்திகள் ஒதுக்குவது, எந்த முறையால் சோதிப்பது என்னும் மூன்றும் விதைப்புக்கு முன்பே முடிவாக வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம். 'கட்டுப்பாடு' என்னும் கலைச்சொல்லின் பொருத்தமும் உடன் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: ஒப்புநிலை, டன்னெட் முறை, மாறுநிலை வேறுபாடு, நீண்டகால உரச் சோதனை, கோயம்புத்தூர்.

1. முன்னுரை

கொங்கு நாட்டின் வேளாண் ஆய்வு வரலாறு ஒரு நூற்றாண்டைக் கடந்தது. 1868இல் சென்னை சைதாப்பேட்டையில் தொடங்கப்பெற்ற வேளாண் பள்ளி பின்னர்க் கோயம்புத்தூருக்கு இடம்பெயர்ந்து கல்லூரியாக வளர்ந்து, 1971இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக உருப்பெற்றது. நெல் இனப்பெருக்க நிலையமும் கரும்பு இனப்பெருக்க நிலையமும் 1912இல் இங்கே அமைந்தன. 1967இல் தொடங்கிய அனைத்திந்திய ஒருங்கிணைந்த பருத்தி மேம்பாட்டுத் திட்டத்தின் தலைமையிடமும் கோயம்புத்தூரே.

இந்நிலையங்களில் நடைபெறும் சோதனைகளில் பெரும்பாலானவை ஒரே வடிவிலான வினாவைக் கேட்கின்றன. இப்போது பயிரிடப்படும் ரகத்தைவிடப் புதிய வளர்ப்பு சிறந்ததா? இப்போது பரிந்துரைக்கப்படும் உர அளவைவிட வேறோர் அளவு பயன் தருமா? மருந்து தெளிக்காத பாத்தியைவிடத் தெளித்த பாத்தியில் பூச்சி குறைந்ததா? இவை யாவும் பலவற்றை ஒன்றோடு ஒப்பிடும் வினாக்கள். விடை காணும் முறை இந்த வினாவின் வடிவத்துக்கு ஏற்ப அமைகிறதா என்பதே இங்கு ஆராயப்படுவது. இதைக் கணிதவியலாரின் உள்விவகாரமாகக் கொள்ள இயலாது. தவறான விடை பரிந்துரையாக மாறும்போது அதன் செலவை ஏற்பவர் பல்லடத்திலும் உடுமலையிலும் கோபிசெட்டிபாளையத்திலும் உரமூட்டைக்கும் விதைக்கும் பணம் கொடுக்கும் உழவர்.

2. சொல்லும் பொருளும்

ஆங்கிலத்தில் 'கன்ட்ரோல்' எனப்படுவதைத் தமிழ் அறிவியல் நூல்கள் பெரும்பாலும் 'கட்டுப்பாடு' என்றே பெயர்க்கின்றன. இப்பெயர்ப்பு இரு வகையில் இடர் தருகிறது.

முதலாவது, வேளாண் தமிழில் கட்டுப்பாடு என்னும் சொல்லுக்கு ஏற்கெனவே உறுதியான பொருள் உண்டு. பூச்சிக் கட்டுப்பாடு, களைக் கட்டுப்பாடு, நோய்க் கட்டுப்பாடு என்பன அன்றாட வழக்கு. எனவே பூச்சிமருந்துச் சோதனை ஒன்றில் 'கட்டுப்பாட்டுப் பாத்தி' என்று எழுதினால், பூச்சி கட்டுப்படுத்தப்பட்ட பாத்தி என்றே படிப்பவர் கொள்வார். உண்மையில் அது பூச்சியைக் கட்டுப்படுத்தாமல் விட்ட பாத்தி. சொல் தன் பொருளுக்கு நேரெதிரான பொருளைத் தந்து நிற்கிறது.

இரண்டாவது, அச்சொல்லின் மூலப்பொருளும் வேறு. இடைக்கால இலத்தீனில் அது கணக்குச் சுருளைச் சரிபார்க்க வைத்திருந்த எதிர்ச்சுருளைக் குறித்தது. ஒரு கணக்கை மற்றொரு கணக்கோடு ஒத்துப்பார்த்தலே அதன் வேர்ப்பொருள். அடக்கி ஆளுதல் பின்னர் வந்தது. ஆகவே 'ஒப்பு' என்னும் சொல்லே மூலத்துக்கு அணுக்கமானது. ரக ஆய்வில் 'ஒப்பு ரகம்' என்னும் வழக்கு ஏற்கெனவே உள்ளது. அதனை விரித்து 'ஒப்புநிலை', 'ஒப்புப் பாத்தி' என ஆள்வது தக்கது.

இது பெயர் பற்றிய பூசல் மட்டும் அன்று. 'கட்டுப்பாடு' என்றதும் ஆய்வாளரின் முழு ஆட்சிக்கு உட்பட்ட, மாறாத ஒன்று என்னும் எண்ணம் எழுகிறது. பொன்னின் மாற்று எதுவாயினும் கட்டளைக்கல் தான் மாறுவதில்லை. ஒப்புப் பாத்தி அத்தகையது அன்று. அதன் மண் வளம், ஈரம், பயிர் எண்ணிக்கை ஆகியன ஏனைய பாத்திகளைப் போலவே ஏறியிறங்கும். 'ஒப்பு' என்னும் சொல் அதனையும் அளக்கப்படும் ஒரு தரப்பாக நிறுத்துகிறது. புள்ளியியல் நோக்கில் இதுவே மையமான உண்மை.

3. மாறுநிலை வேறுபாட்டு மரபு

இந்திய வேளாண் ஆய்வேடுகளில் மிகுதியாகக் காணப்படும் கருவி, ஆய்வாளர் வழக்கில் 'சி.டி.' எனப்படும் மாறுநிலை வேறுபாடு. இரு சராசரிகளின் வேறுபாட்டுக்குரிய திட்டப் பிழையை 't' அட்டவணை மதிப்பால் பெருக்கிப் பெறும் எண் அது. அட்டவணையின் அடியில் அந்த ஓர் எண்ணைக் குறித்துவிட்டால், எந்த இரு சராசரிகளையும் எவரும் ஒப்பிட்டுக்கொள்ளலாம். இந்த எளிமையே அதன் வலிமை. அதன் குறையும் அதுவே.

இம்மரபுக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. ரொனால்ட் ஃபிஷர் 1925இலும் 1935இலும் வெளியிட்ட நூல்கள் சமவாய்ப்பு ஒதுக்கீட்டையும் மாறுபாட்டுப் பகுப்பாய்வையும் நிலைநிறுத்தின. பான்சே, சுகாத்மே இருவரும் எழுதிய வேளாண் பணியாளர்க்கான புள்ளியியல் முறைகள் பற்றிய நூல் 1954இல் வெளிவந்து, இந்திய வேளாண் கல்லூரிகளின் அடிப்படை நூலாயிற்று. பல நடத்துமுறைகளை ஓர் ஒப்புநிலையோடு ஒப்பிடுவதற்கெனச் சார்லஸ் டன்னெட் வகுத்த முறை வெளியானது அதற்கு அடுத்த ஆண்டான 1955இல். அதே 1955இல் டங்கனின் பல்வீச்சுச் சோதனையும் வெளிவந்தது. சராசரிகளின் மேல் அ, ஆ, இ என்பன போன்ற எழுத்துகளை இட்டு வகைப்படுத்தும் டங்கன் முறை, சி.டி.யோடு சேர்ந்து ஆய்வேடுகளில் நிலைபெற்றது. டன்னெட் முறை அந்த இடத்தைப் பெறவில்லை.

இங்கே நேர்ந்த இழப்பைத் தெளிவாகக் கூற வேண்டும். சி.டி. ஒவ்வோர் ஒப்பீட்டிலும் தனித்தனியே 5 விழுக்காட்டுப் பிழையை அனுமதிக்கிறது. ஒன்பது நடத்துமுறைகளில் எதுவுமே உண்மையில் ஒப்புநிலையிலிருந்து வேறுபடவில்லை என்று கொள்வோம். ஒப்பீடுகள் ஒன்றையொன்று சாராதவையாயின், குறைந்தது ஒன்றாவது வேறுபட்டதாகத் தவறாகத் தோன்றும் வாய்ப்பு சுமார் 37 விழுக்காடு. எல்லா ஒப்பீடுகளும் ஒரே ஒப்புநிலையைப் பகிர்வதால் இவ்வாய்ப்பு ஓரளவு குறையும். எனினும் 5 விழுக்காட்டைவிட மிக உயர்ந்தே நிற்கும். ஆய்வேட்டின் சுருக்கத்தில் இடம்பெறுவது பெரும்பாலும் அந்த 'ஒன்று'தான் என்பதால் இடர் பெரிது.

4. டன்னெட் முறையின் அடிப்படை

டன்னெட் அமெரிக்கன் சயனமிட் நிறுவனத்தில் மருந்து ஆய்வுச் சூழலில் பணியாற்றியவர். அவருடைய 1955ஆம் ஆண்டுக் கட்டுரையின் எடுத்துக்காட்டுகளுள் ஒன்று துணி பற்றியது: மூன்று வேதிமுறைகளில் பதப்படுத்திய துணியின் அறுபடு வலிமையை வழக்கமான முறையில் செய்த துணியோடு ஒப்பிடுவது. நூற்பாலைகளால் பெயர்பெற்ற கோவைக்கும், அங்கு 1956இல் நிறுவப்பெற்ற தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கத்துக்கும் இவ்வகை வினா புதியதன்று. கழனிக்கும் ஆலைக்கும் வினாவின் வடிவம் ஒன்றே.

முறையின் அடிப்படை எளிது. ஒப்புப் பாத்திகள் தற்செயலாக வளம் குன்றிய இடத்தில் அமைந்துவிட்டால், எல்லா நடத்துமுறைகளும் ஒருசேரச் சிறந்தவையாகத் தோன்றும். வளம் மிக்க இடத்தில் அமைந்தால் எல்லாம் ஒருசேரத் தாழ்ந்து தோன்றும். அதாவது ஒப்பீடுகளின் பிழைகளுக்கிடையே ஒட்டுறவு உண்டு. ஒப்புநிலைக்கும் நடத்துமுறைகளுக்கும் மீள்செய்கை எண்ணிக்கை சமமாயின் அவ்வொட்டுறவின் அளவு 0.5. டன்னெட் இதனைக் கணக்கில் கொண்டு, எல்லா ஒப்பீடுகளுக்கும் சேர்த்துத் தவறான அறிவிப்பின் வாய்ப்பை 5 விழுக்காட்டுக்குள் நிறுத்தும் அட்டவணையை உருவாக்கினார். 1964இல் அதனை விரிவுபடுத்தினார். 'இவற்றுள் எதுவும் வேறுபட்டதா?' என்று முதலில் கேட்கும் 'எஃப்' சோதனை இம்முறைக்கு முன்தேவை அன்று.

கருவிகளின் வேறுபாட்டை எண்களால் காணலாம். பத்து நடத்துமுறைகள், நான்கு மீள்செய்கைகள் கொண்ட சமவாய்ப்புத் தொகுதி வடிவமைப்பில் பிழைக்குரிய கட்டின்மைக் கூறுகள் 27. இந்நிலையில் சி.டி.க்குரிய பெருக்கு எண் 2.05. ஒன்பதை ஒன்றோடு ஒப்பிடும் டன்னெட் முறையில் அது சுமார் 2.88. எல்லா 45 இணைகளையும் காக்கும் டூக்கி முறையில் சுமார் 3.44. வேறுபாட்டின் திட்டப் பிழை எக்டருக்கு 150 கிலோ என எடுத்துக்காட்டுக்காகக் கொண்டால், தேவைப்படும் வேறுபாடு முறையே சுமார் 308, 432, 516 கிலோ ஆகும். 380 கிலோ கூடுதல் விளைச்சலைச் சி.டி. ஏற்கும், டன்னெட் ஏற்காது. 470 கிலோவை டன்னெட் ஏற்கும், டூக்கி ஏற்காது. ஆகவே டன்னெட் முறை வெறும் கடுமை அன்று. கேட்கப்படாத 36 ஒப்பீடுகளுக்கு விலை கொடுக்காமல், கேட்கப்பட்ட ஒன்பதை மட்டும் காக்கும் நடுநிலை அது.

5. கோவைச் சோதனைகள்: எது ஒப்பு?

கோயம்புத்தூரில் 1909இல் தொடங்கிய நிலையான உரச் சோதனை இன்றும் தொடர்வது. உரமே இடாத பாத்தி, தழைச்சத்தும் மணிச்சத்தும் சாம்பல் சத்தும் தனித்தும் சேர்ந்தும் இடப்பட்ட பாத்திகள், தொழுவுரப் பாத்தி ஆகியன அதில் உள்ளன. ஃபிஷர் ரோதம்ஸ்டெட் நிலையத்தில் பணியில் சேர்ந்தது 1919இல். கோவைச் சோதனை அதற்குப் பத்தாண்டு முந்தியது. சமவாய்ப்பு ஒதுக்கீடு என்னும் கருத்து உருவாகுமுன் இடப்பட்ட பாத்திகளுக்குப் பிற்காலச் சோதனைமுறைகளை அப்படியே பொருத்த இயலாது. மண்ணின் நெடுங்கால மாற்றத்தைக் காட்டும் ஆவணமாகவே அதன் மதிப்பு உயர்ந்தது.

1972இல் இங்குத் தொடங்கிய நீண்டகால உரச் சோதனை வேறு வகையினது. அனைத்திந்திய ஒருங்கிணைந்த திட்டத்தின் பகுதியாகக் கேழ்வரகு–மக்காச்சோளம் பயிர்ச் சுழற்சியில், பத்து நடத்துமுறைகளும் நான்கு மீள்செய்கைகளும் கொண்டு அது அமைந்தது. மேலே கணக்கிட்ட எண்கள் இவ்வமைப்புக்கே உரியவை. உரமிடாத பாத்தி அதில் 'கட்டுப்பாடு' எனப் பெயர் பெறுகிறது. பெயரைப் பின்பற்றி ஏனைய ஒன்பதையும் அதனோடு ஒப்பிடுவது இயல்பாகத் தோன்றலாம்.

ஆனால் அவ்வொப்பீடு விடை தரும் வினா யாருடையது? பல பத்தாண்டுகளாக உரமே காணாத மண்ணைவிட உரமிட்ட மண் கூடுதலாக விளையும் என்பதை நிறுவப் புள்ளியியல் தேவையில்லை. எந்த உழவரும் உரமே இடாமைக்கும் உரமிடுவதற்கும் இடையே தேர்ந்துகொண்டிருக்கவில்லை. பரிந்துரைத்த அளவோடு தொழுவுரமும் சேர்ப்பதா, துத்தநாகம் இடுவதா, சாம்பல் சத்தை விட்டுவிடலாமா என்பனவே அவர் முன்னுள்ள வினாக்கள். இவற்றுக்கெல்லாம் ஒப்பாக நிற்பது முழு அளவில் தழை, மணி, சாம்பல் சத்துகளை இட்ட பாத்தி.

இந்நோக்கில் பத்து நடத்துமுறைகளும் இரு குடும்பங்களாகப் பிரிகின்றன. முதற்குடும்பம், முழு அளவிலிருந்து குறிப்பிட்ட வகையில் மாறுபடும் ஆறு: தொழுவுரம் சேர்த்தது, துத்தநாகம் சேர்த்தது, கைக்களை எடுத்தது, கந்தகம் நீக்கியது, சாம்பல் சத்து நீக்கியது, தழைச்சத்து மட்டும் இட்டது. இந்த ஆறையும் முழு அளவோடு ஒப்பிடுவது டன்னெட் முறைக்கு உரிய களம். ஒப்பீடுகள் ஆறாகக் குறைவதால் பெருக்கு எண்ணும் 2.88இலிருந்து சுமார் 2.74ஆகக் குறைகிறது. வினாவைக் கூர்மையாக்கியவருக்கு முறையே சலுகை தருகிறது.

இரண்டாம் குடும்பம், உரமின்மை, பாதி அளவு, முழு அளவு, ஒன்றரை மடங்கு என்னும் வரிசை. இங்கே கேள்வி இணைகளைப் பற்றியது அன்று. அளவு கூடக்கூட விளைச்சல் எவ்வாறு உயர்கிறது, எங்கே உயர்வு தளர்கிறது என்பதே. இதற்கு விளைச்சல் வளைகோடு பொருத்துவதே தக்கது. வரிசையாகக் கூடும் அளவுகளை ஒப்புநிலையோடு ஒப்பிட வில்லியம்ஸ் 1971இல் வகுத்த முறையும் உண்டு. ஆனால் அளவு கூடினால் விளைவு குறையாது என்னும் கருத்தை அது அடிப்படையாகக் கொள்வதால், மிகையுரத்தால் விளைச்சல் சரியக்கூடிய இடத்தில் எச்சரிக்கை தேவை. இந்நான்கின் மேலும் எழுத்துகளை இட்டு வகைப்படுத்துவது, படிகளாக உள்ள ஒன்றைச் சிதறிய கற்களாகப் பார்ப்பதாகும்.

மற்றொன்றும் கருதத்தக்கது. ஆண்டுதோறும் அதே பாத்தியில் அதே நடத்துமுறை தொடர்வதால், பத்தாண்டுத் தரவு பத்து மடங்கு சுதந்திரமான சான்றாகாது. ஒரு பாத்தியின் ஆண்டுகள் ஒன்றோடொன்று தொடர்புடையவை. அத்தொடர்பைப் புறக்கணித்து எல்லாவற்றையும் தனித்த மீள்செய்கைகளாகக் கொண்டால் திட்டப் பிழை செயற்கையாகச் சுருங்கும். அந்நிலையில் எந்த ஒப்பீட்டு முறையும் காப்பு அளிக்காது.

6. ஒப்புக்கு எத்தனை பாத்தி?

ஒப்புநிலை எல்லா ஒப்பீடுகளிலும் பங்கேற்கிறது. நடத்துமுறை ஒவ்வொன்றும் ஒரே ஒப்பீட்டில் பங்கேற்கிறது. இருவருக்கும் சமமான பாத்தி ஒதுக்குவது நேர்மைபோல் தோன்றினும் சிக்கனமன்று. நடத்துமுறைகளின் எண்ணிக்கையின் வர்க்கமூல மடங்கு பாத்திகளை ஒப்புக்கு ஒதுக்குவது நல்லது என்னும் விதி டன்னெட்டின் முதற்கட்டுரையிலேயே பேசப்படுகிறது.

ஒன்பது நடத்துமுறைகள் எனில் ஒப்புக்கு மூன்று மடங்கு. நாற்பது பாத்திகளில் ஒவ்வொன்றுக்கும் நான்கு என ஒதுக்கினால், வேறுபாட்டின் பரவற்படி ஒரு பாத்தியின் பரவற்படியில் 0.50 பங்கு. மாறாக, மூன்று தொகுதிகளில் ஒவ்வொரு நடத்துமுறையையும் ஒரு முறையும் ஒப்பை மூன்று முறையும் வைத்தால், மொத்தம் 36 பாத்திகளே ஆகும், பரவற்படியோ 0.44 பங்காகக் குறைகிறது. ஒட்டுறவு 0.25ஆகக் குறைவதால் பெருக்கு எண் சற்று உயரும். ஆயினும் நான்கு பாத்திகளைச் சேமித்த பின்னும் துல்லியம் குறைவதில்லை. இதற்கு ஒரு விலையும் உண்டு: நடத்துமுறைகளைத் தமக்குள் ஒப்பிடும் துல்லியம் குறையும்; தொகுதி பெரிதாவதால் அதனுள் மண் ஒருமையும் குறையலாம். எனவே முதன்மை வினா எது என்பதை முன்கூட்டியே முடிவு செய்தவருக்கே இவ்வமைப்பு உதவும்.

இத்துறையில் இந்தியப் பங்களிப்பும் குறிப்பிடத்தக்கது. குறைவுத் தொகுதி வடிவமைப்புகளில் ஒப்பு நடத்துமுறைகளை ஒவ்வொரு தொகுதியிலும் சேர்த்து வலுவூட்டும் அமைப்பை எம். என். தாஸ் 1958இல் முன்வைத்தார். பெக்ஹோஃபரும் அஜித் தம்ஹானேயும் 1981இல் ஒப்போடு ஒப்பிடுவதற்கெனவே சமநிலைப்படுத்திய குறைவுத் தொகுதிகளை வகுத்தனர்.

7. ரகச் சோதனைகள்

கரும்பு ஆய்வு இவ்வினாவை வேறொரு கோணத்தில் எழுப்புகிறது. கோவையில் உருவாகி 1918இல் வெளியான கோ 205 முதல், தீபகற்ப இந்தியாவில் பரவலாகப் பயிராகி ஒப்பு ரகமாகவும் நிற்கும் கோ 86032 வரை, 'கோ' கரும்புகளின் வரலாறு தேர்வின் வரலாறே. தொடக்கநிலைத் தேர்வில் வளர்ப்புகள் பல. ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் கரணைகளோ சில. எல்லாவற்றையும் மீள்செய்கையோடு நட இயலாது. ஹவாய்த் தீவின் கரும்பு ஆய்வில் இதே இடர்ப்பாட்டை எதிர்கொண்டு ஃபெடரர் 1956இல் வகுத்த பெருக்கிய வடிவமைப்பில், புதிய வளர்ப்புகள் ஒரு முறை மட்டும் இடம்பெறும். ஒப்பு ரகங்கள் ஒவ்வொரு தொகுதியிலும் மீளமீள இடம்பெறும். பிழையின் அளவும் தொகுதிகளின் ஏற்றத்தாழ்வும் ஒப்புகளிலிருந்தே பெறப்படுகின்றன. முழுச் சோதனையும் ஒப்பின் தோளில் நிற்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

ஒருங்கிணைந்த திட்டங்களின் ரகச் சோதனைகளில் தேசிய ஒப்பு, மண்டல ஒப்பு, உள்ளூர் ஒப்பு எனப் பல ஒப்புகள் உண்டு. இங்கு நுண்ணிய வேறுபாடு ஒன்று தேவை. புதிய வளர்ப்பு எல்லா ஒப்புகளையும் விஞ்ச வேண்டும் என்பது விதியாயின், ஒப்புகளின் எண்ணிக்கைக்காக மேலும் திருத்தம் செய்ய வேண்டியதில்லை. ஒவ்வொன்றிலும் தேற வேண்டும் என்பதே போதிய கடுமை. ஏதேனும் ஓர் ஒப்பை விஞ்சினால் போதும் என்றாலோ தவறான வெற்றிக்கு வழி பெருகும், திருத்தம் கட்டாயமாகிறது. புதிய வளர்ப்புகளின் எண்ணிக்கைக்கான திருத்தம் இரு நிலையிலும் தேவை. மேலும், ரகத் தேர்வில் 'உயர்ந்ததா?' என்பதே வினா என்பதால் ஒருபக்கச் சோதனை பொருந்தும். ஆனால் அதைத் தரவு கண்டபின் தேர்ந்தெடுக்கலாகாது.

8. எதிர்வாதங்கள்

இவ்வாதத்துக்கு வலுவான மறுப்புகள் உண்டு. கார்மரும் ஸ்வான்சனும் 1973இல் பத்து ஒப்பீட்டு முறைகளைக் கணினிப் போலிச் சோதனைகளால் ஆராய்ந்து, முதலில் 'எஃப்' சோதனையில் தேறிய பின்னரே சி.டி.யைப் பயன்படுத்தும் முறைக்குச் சாதகமாக எழுதினர். கடுமையான முறைகள் உண்மையான வேறுபாடுகளைத் தவறவிடுகின்றன என்பது அவர்தம் கவலை. கோமஸ் இணையர் 1984இல் வெளியிட்ட, ஆசிய வேளாண் ஆய்வாளர் பெரிதும் கையாளும் நூலும், ஒப்போடு ஒப்பிடுவதை முன்திட்டமிட்ட இணையொப்பீடாகக் கொண்டு அதற்குச் சி.டி.யை ஏற்கிறது.

முன்திட்டமிடல் தேவை என்பதில் அந்நூலோடு முரண் இல்லை. ஆனால் ஒன்பது ஒப்பீடுகளை முன்கூட்டியே திட்டமிட்டதால் ஒன்பது வாய்ப்புகள் ஒன்றாகிவிடுவதில்லை. கார்மர், ஸ்வான்சன் கவலையோ நியாயமானது. அதற்கான விடை கட்டத்தைப் பொறுத்தது. தொடக்கநிலைத் தேர்வில் நல்ல வளர்ப்பு ஒன்றைத் தூக்கியெறிவது பேரிழப்பு. தவறாகத் தேர்ந்தது அடுத்த ஆண்டுச் சோதனையில் கழிந்துவிடும். அங்கே சி.டி.யின் தளர்வு பொருந்தும். வெளியீட்டுக்கோ பரிந்துரைக்கோ முந்திய இறுதிக் கட்டத்தில் திருத்திக்கொள்ள அடுத்த சோதனை இல்லை. அடுத்தது உழவரின் வயல். அங்கே எல்லா ஒப்பீடுகளையும் சேர்த்துக் காக்கும் முறையே வேண்டும். ஒரே கருவியை இரு கட்டங்களிலும் ஆளுவதே இன்றைய வழக்கின் குறை.

கணக்கிடல் கடினம் என்னும் பழைய மறுப்பு இன்று நில்லாது. கட்டணமின்றிக் கிடைக்கும் 'ஆர்' மென்பொருளின் தொகுப்புகள், சமமற்ற மீள்செய்கைகளுக்கும் டன்னெட் நம்பிக்கை இடைவெளிகளை நொடியில் தருகின்றன. எழுத்துக்குறிகளைவிட அவ்விடைவெளிகள் உழவருக்கும் பயனுள்ளவை. கூடுதல் விளைச்சல் எக்டருக்கு 40 கிலோ முதல் 900 கிலோ வரை இருக்கலாம் என்று தெரிந்தால், கூடுதல் உரச்செலவை அதனோடு வைத்துப் பார்க்கலாம். 'அ' என்னும் எழுத்தை எந்த விலையோடும் வைத்துப் பார்க்க இயலாது.

9. முடிவுரை

பல நடத்துமுறைகளை ஒப்புநிலையோடு ஒப்பிடும் முறை எழுபது ஆண்டுப் பழமையுடையது. கோவையின் நீண்டகாலச் சோதனை காட்டுவது, அம்முறையைப் பின்பற்றுவதற்கும் முந்திய கடமை ஒன்று உண்டு என்பதையே. பெயரால் 'கட்டுப்பாடு' எனப்பட்ட பாத்தி வேறு, வினாவுக்கு உண்மையில் ஒப்பாக நிற்கும் பாத்தி வேறு. அதனை இனங்காணாமல் கணித்தால் எத்துணை நுண்ணிய முறையும் எவரும் கேட்காத வினாவுக்கே விடை தரும்.

ஆகவே ஆய்வேடுகளும் பரிந்துரைகளும் மூன்றைத் தெளிவாகக் கூற வேண்டும்: எது ஒப்பு, ஏன், அதற்கு எத்தனை பாத்தி, எந்த ஒப்பீடுகள் விதைப்புக்கு முன் வகுக்கப்பட்டவை. தமிழில் எழுதுவோர் 'கட்டுப்பாடு' என்பதைப் பூச்சிக்கும் களைக்கும் விட்டுவிட்டு, ஒப்புநிலையை ஒப்புநிலை என்றே வழங்கினால், முதல் வினாவைக் கேட்காமல் கடந்துபோவது அரிதாகும்.